உக்ரைனிய மொழியில் உம் கொட்டுவது எப்படி

உக்ரைன்காரர்கள் பேச மாட்டார்கள் என்று அங்கே மருத்துவம் படிக்கப் போகும் நம் மாணவர்களிடையே ரொம்ப காலமாக ஒரு பேச்சு இருக்கிறது. சிரிக்க மாட்டார்கள், முகத்தை உர்ரென்று வைத்திருப்பார்கள், நாமாகப் போய்ப் பேச்சுக் கொடுத்தாலும் ஒற்றை வார்த்தையில் கத்தரித்துவிடுவார்கள். சமீபத்தில் மேற்கு உக்ரைனில் இருக்கும் தெர்னோபிலுக்குத் திரும்பிப் போயிருக்கும் ஜூனியர் பெண் ஒருத்தி போனில் இதையே சொல்லிப் புலம்பினாள். "அக்கா, மொழியக் கத்துக்கோ கத்துக்கோன்னு சொன்னீங்க. கத்துக்கிட்டுப் போய் 'யாக் ஸ்ப்ராவி'ன்னு கேட்டா, 'நோர்மால்னோ'ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிறாங்க. அதுக்கு மேல நான் என்னத்தப் பேச?" முதலாவது 'எப்படி இருக்கீங்க', இரண்டாவது 'பரவாயில்லை'. அப்போதைக்கு ஏதோ சமாதானம் சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் விஷயம் மனசை விட்டுப் போகவில்லை. மருத்துவப் படிப்பு முழுவதையும் அந்த ஊரில் முடித்தவள் நான். என் அனுபவத்தில் தெர்னோபிலைப் போல வாய் ஓயாத ஊர் இன்னொன்று இல்லை. செரெத் ஆற்றை மறித்து 1548-இல் உண்டாக்கிய பெரிய ஏரி ஊருக்கு நடுவே கிடக்கிறது. அதன் கரையில் சாயங்காலம் ஒரு நடை போய்ப் பாருங்கள், பெஞ்சு பெஞ்சாக ஊர்வம்பு ஓடிக்கொண்டிருக்கும். அப்படியானால் அவளிடம் மட்டும் ஏன் யாரும் பேசவில்லை?

யோசித்துப் பார்த்தால் குறை அவளிடமும் இல்லை, ஊர்க்காரர்களிடமும் இல்லை. நமக்குக் கிடைக்கும் உக்ரைனியப் பாடமெல்லாம் ஆங்கிலம் வழியாக வருவது. ஆப் ஆனாலும் சரி, முதல் வருஷத்தில் கையில் திணிக்கும் புத்தகமானாலும் சரி, இரண்டு பேர் தெருவில் சந்திப்பார்கள். எப்படி இருக்கிறாய், நன்றாக இருக்கிறேன், நன்றி, நீ எப்படி இருக்கிறாய், இன்று வெயில் அருமை, உன் பொழுதுபோக்கு என்ன. இப்படி ஒரு உரையாடலைத் தெர்னோபிலில் நான் காதால் கேட்டதில்லை. திருச்செங்கோட்டிலும் கேட்டதில்லை. நம் ஊரில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் 'எப்படி இருக்கிறீர்கள்' என்றா ஆரம்பிக்கிறோம்? போர்டைப் பார்த்துத்தான் ஏறியிருப்போம், இருந்தாலும் 'இது ராசிபுரம் போவுங்களா?' என்று கேட்போம். அவரும் பதில் சொல்லிவிட்டு, ராசிபுரத்தில் யார் வீடு என்று விசாரிப்பார். அங்கேயும் இதே கதைதான். 'யாக் ஸ்ப்ராவி' என்பது தெரிந்தவர்களுக்குள் கேட்டுக்கொள்வது. முன்பின் தெரியாதவரிடம் போய்க் கேட்டால், 'இவளுக்கு என்ன வேணுமாம்?' என்றுதான் பார்ப்பார்கள்.

யார் கடைசி?

அந்த ஊரில் பேச்சு எப்போதும் ஒரு காரியத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். கிளினிக் வராந்தாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே யாரும் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி நிற்பதில்லை. உள்ளே வரும்போதே பொதுவாக 'ஹ்தோ ஒஸ்தான்னி?', அதாவது யார் கடைசி என்று கேட்க வேண்டும். ஒருவர் கையைத் தூக்குவார். 'யா ஸா வாமி', உங்களுக்குப் பின்னால் நான், என்று சொல்லிவிட்டு எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். அந்த நொடியிலிருந்து அவரும் நீங்களும் ஒரு சொந்தம். அவர் வெளியே ஒரு எட்டுப் போய்விட்டு வந்தால் 'இவங்க எனக்கு முன்னாடி இருந்தாங்க' என்று சாட்சி சொல்வது உங்கள் பொறுப்பு. உள்ளே போனவர் ஏன் இவ்வளவு நேரமாக வரவில்லை என்று அவர் பெருமூச்சு விட்டால் நீங்களும் கூடவே விட வேண்டும். இந்த நேரம் பார்த்து ஒரு ஆள் வருவார். 'எனக்குச் சும்மா ஒண்ணே ஒண்ணு கேக்கணும், அவ்வளவுதான்' என்று சொல்லிக்கொண்டே நேராகக் கதவைத் திறப்பார். எல்லாக் கிளினிக்கிலும் இப்படி ஒருவர் உண்டு. அவரைப் பார்த்ததும் வராந்தா மொத்தமும் ஒரே குரலில் ஆட்சேபிக்கும், அப்புறம் அரை மணி நேரத்துக்குப் பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. காலம் கெட்டுப் போனது, மருந்து விலை, யாருக்கு எந்த மூட்டில் வலி, எல்லாம் வரும். நீங்கள் வாயைத் திறந்து ஆரம்பிக்க வேண்டியதே இல்லை. கடைசி யார் என்று கேட்டதோடு உங்கள் ஆரம்பம் முடிந்தது.

மினிபஸ்ஸிலும் அப்படியே. பின் கதவு வழியாக ஏறினால் டிக்கெட் காசை முன்னால் இருப்பவர் தோளைத் தொட்டு 'பெரெதாய்தே, புத் லாஸ்கா', தயவுசெய்து முன்னால் கொடுங்கள் என்று நீட்ட வேண்டும். காசு கை மாறிக் கை மாறி டிரைவரிடம் போய், மிச்சம் அதே கைகள் வழியாகத் திரும்பி வந்து சேரும். மின் அட்டை வந்த பிறகு இது குறைந்துவிட்டது, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். கதவருகே நிற்பவரிடம் இடித்துக்கொண்டு போகாமல் 'வி விஹோதிதே?', இறங்குகிறீர்களா என்று கேட்பதும் மரியாதை. இல்லை என்றால் அவர் ஒதுங்குவார், ஆமாம் என்றால் இருவரும் சேர்ந்து இறங்க வேண்டியதுதான். இறங்கின பிறகு வழுக்கும் பனியில் நாலு அடி சேர்ந்து நடக்கும்போது அந்தம்மா உங்கள் தலையைப் பார்ப்பார். 'ஏன் தொப்பி போடலை?' என்று அதட்டுவார். முதல் குளிர்காலத்தில் இது நம் பிள்ளைகளுக்குக் கோபம் வரவழைக்கும். யார் இவர், எனக்குப் புத்தி சொல்ல? ஈரத்தலையோடு வெளியே போனால் நம் தெருப் பாட்டி சும்மா விடுவாரா என்று யோசித்துப் பார்த்தால் கோபம் போய்விடும். அந்த அதட்டலுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரிந்தவளுக்கு அங்கேயே ஒரு பாட்டி கிடைத்துவிடுகிறாள்.

ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். இளவட்டங்களிடம் மொழி பழகுவது கஷ்டம். நம் உச்சரிப்பைக் கேட்டதும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள், அவர்களுக்கும் பழக வேண்டுமே. கிழக்கே ஹார்கிவில் படித்த நம் சீனியர்கள் பலர் கற்றுக்கொண்டதே ரஷ்ய மொழியைத்தான், ஊர் பேசியது அதை. 2019-இல் வந்த மொழிச் சட்டத்தின்படி 2021 ஜனவரி 16 முதல் கடை, ஹோட்டல், சலூன் எங்கேயும் வாடிக்கையாளரிடம் பேச்சை உக்ரைனிய மொழியில்தான் தொடங்க வேண்டும், அவர் கேட்டுக்கொண்டால் வேறு மொழிக்கு மாறலாம் என்று ஆயிற்று. அதற்கப்புறம் ஒடெஸாவிலோ ஹார்கிவிலோ இருந்தவர்களுக்கும் முதல் வரி உக்ரைனியத்தில் காதில் விழ ஆரம்பித்தது. தெர்னோபிலில் எங்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. அங்கே வயசானவர்களிடம் ஆங்கிலம் கிடையாது, அவசரமும் கிடையாது. இரண்டும் இல்லாதவர்களைவிட நல்ல ஆசிரியர் யார்?

ஒடெஸா ரயில்

இதெல்லாம் எனக்குத் தானாகப் புரிந்துவிடவில்லை. ஒரு கோடை விடுமுறையில் லிவிவிலிருந்து ஒடெஸா போகும் இரவு ரயிலில் தெர்னோபிலில் ஏறினேன். பிளாட்ஸ்கார்ட் பெட்டி, நம் ஸ்லீப்பர் கிளாஸ் மாதிரி கதவில்லாமல் ஐம்பத்து நாலு படுக்கை. எதிர் சீட்டில் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. வண்டி நகர்ந்ததும் அலுமினியத் தாள் பொட்டலத்தைப் பிரித்தார். அவித்த முட்டை, வறுத்த கோழி, முழுத் தக்காளி, நறுக்காத வெள்ளரிக்காய், காகிதத்தில் மடித்த உப்பு. 'எடுத்துச் சாப்பிடு' என்று என் பக்கம் தள்ளினார். வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டிப் பொறுப்பாளர் அம்மாள் உலோகப் பிடி மாட்டிய கண்ணாடி டம்ளர்களில் டீ கொண்டுவந்து வைத்தார். அப்புறம் கதை ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டுக்காரன் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்ட கதை. முழங்கால் ஆபரேஷன் கதை. இந்த வருஷம் உருளைக்கிழங்குச் செடியில் கொலராடோ வண்டு விழுந்து, குனிந்து குனிந்து கையாலேயே பொறுக்கிப் போட்ட கதை. மகள், மருமகன், மருமகனின் அம்மா. நான் படித்த பாடப்புத்தக வாக்கியம் ஒன்றுகூட உதவவில்லை, அவர் கேள்வி கேட்டால்தானே? எனக்குப் பாதி புரிந்தது, மீதி குரலிலிருந்து புரிந்தது. தெர்னோபிலில் நான் குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டி தன் தங்கையோடு போனில் பேசும்போது சொல்லிக் கேட்டிருந்த சில்லறைச் சொற்களை அங்கங்கே போட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கு 'தா வி ஷ்சோ!', அட என்ன சொல்றீங்க. முழங்காலுக்கு 'யோய்'. வண்டுக்கு ஒரு தலையசைப்பும் 'நு தாக்'கும், ஆமாம் பின்னே. ஷ்மெரின்கா ஜங்ஷனில் வண்டி நின்றபோது பிளாட்பாரத்தில் இறங்கிக் காலை நீட்டிவிட்டு வந்தும் கதை விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது.

விளக்கை அணைக்கும் நேரத்தில் அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எவ்வளவு அழகா உக்ரைனியம் பேசறே, கண்ணு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எதுவுமே பேசவில்லையே, நாலு வார்த்தைதானே சொன்னேன் என்றேன். அவரும் சிரித்தார். அப்புறம்தான் தன் கதையைச் சொன்னார். தெர்னோபில் பக்கத்து கிராமங்களிலிருந்து இத்தாலிக்கு வேலைக்குப் போன பெண்கள் ஏராளம், அவரும் அவர்களில் ஒருத்தி. நேப்பிள்ஸில் தனியாக இருந்த ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. "போன புதுசுல என் வாயில ரெண்டே வார்த்தை. 'தவ்வேரோ'ன்னா நெசமாவா, 'மம்மா மியா'ன்னா ஐயோ அம்மா. கிழவி செத்துப்போன புருஷனப் பத்திச் சொல்லுவா, நான் 'மம்மா மியா' சொல்லுவேன். மருமகளத் திட்டுவா, 'தவ்வேரோ?'ன்னு கேப்பேன். அவ தெருவுல எல்லார்கிட்டயும் போய், என் உக்ரைன்காரி இத்தாலியன் வெளுத்து வாங்கறான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "அப்புறம் நெசமாவே பேச வந்துடுச்சு" என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. அதுவரை மொழி கற்பது என்றால் வாக்கியம் செய்வது என்று நினைத்திருந்தேன். யாராவது பேச வந்தாலே உள்ளே தறி ஓட ஆரம்பித்துவிடும். எந்த வேற்றுமை, ஆண்பாலா பெண்பாலா, வினை முடிந்ததா முடியாததா? நான் நெய்து முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்கள். அந்தம்மா சொன்னது நேர்மாறானது. ஊர்க்கதையில் பேசுகிறவருக்கு நம் வாக்கியம் தேவையில்லை, நாம் உம் கொட்டினால் போதும். பாட்டி கதை சொல்லும்போது உம் கொட்டாமல் இருந்தால் 'தூங்கிட்டியா?' என்று நிறுத்திவிடுவாரே, அதுதான். எந்தப் பாடத்திட்டமும் இந்த உம் கொட்டலைச் சொல்லிக்கொடுப்பதில்லை. கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும்தான் பழக்குகிறார்கள், விசாரணைக்கு ஆள் எடுப்பது போல.

எந்த இடத்தில் எந்த உம்

உம் கொட்டுவது சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். தப்பான இடத்தில் விழும் உம், தப்பான இலக்கணத்தைவிட மோசம். 'புவாயே' என்றால் நடக்கிறதுதான் என்று அர்த்தம். ஊறுகாய் ஜாடி உடைந்ததற்கும் பஸ் தவறியதற்கும் அது கச்சிதம். ஆஸ்பத்திரி வார்டில் புருஷன் போன கதையைச் சொல்லும் நோயாளியிடம் அதைச் சொன்னால் கன்னத்தில் அறைந்த மாதிரி. செத்தவர் பேர் பேச்சில் வந்தாலே 'த்ஸார்ஸ்த்வோ நெபெஸ்னே', அவருக்குச் சொர்க்கம் கிடைக்கட்டும் என்று ஒரு வார்த்தை குறுக்கே போட வேண்டும். எத்தனை வருஷத்துக்கு முன் போனவர் என்பது கணக்கில்லை. பேரனுக்கு வேலை கிடைக்கப் போகிறது, மகள் வீடு வாங்கப் போகிறாள் என்று இன்னும் நடக்காத நல்லதைச் சொன்னால் 'தாய் போஷே', கடவுள் கொடுக்கட்டும். நம்மைப் புகழ்ந்தால் உடனே நன்றி சொல்வது ஆங்கிலப் பழக்கம், அங்கே 'தா தே!' என்று இழுத்துத் தட்டிவிட வேண்டும், நாம் 'அட போங்க' சொல்வதில்லையா? எதற்கும் ஒத்துவராத சோகத்துக்குக் கடைசியில் 'யாகோஸ் பூதே' இருக்கிறது, எப்படியோ நடக்கும். இதை நாம் முதலில் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. கஷ்டப்படுகிறவர் தானே சொல்லி முடிக்கும்போது கூடச் சேர்ந்து சொல்லலாம். 'யோய்' மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கத்து மேற்கு மாவட்டங்களில் அதை ஒலிக்கும் விதத்தில் நம் ஐயோ அப்படியே கேட்கும்.

இன்னொன்றும் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. கூப்பிடும்போது பெயரின் வால் மாறும். ஒக்ஸானா என்பவரைக் கூப்பிட்டால் ஒக்ஸானோ, இவான் என்றால் இவானே, அம்மாவுக்கு அங்கே 'மாமா' என்று பேர், கூப்பிடும்போது மாமோ. எங்களோடு படித்த வடநாட்டுப் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து தவித்தார்கள். கண்ணன் கண்ணாவாகவும் முருகன் முருகாவாகவும் மாறுகிற வீட்டில் பிறந்த நமக்கு இது விளி வேற்றுமை, அவ்வளவுதான். நமக்கு எட்டாவது, அவர்களுக்கு ஏழாவது. மரியாதைக்குப் பெண்களைப் பேரோடு 'பானி' சேர்த்துக் கூப்பிட வேண்டும் என்றபோது மட்டும் அதே பிள்ளைகள் தண்ணீர் தண்ணீர் என்று சொல்லிச் சிரித்தார்கள். நீ, நீங்கள் வித்தியாசமும் இருக்கிறது. பாட்டி நம்மை நீ என்பாள், நாம் கடைசி வரை நீங்கள்தான்.

நல்லா இருக்கேன் என்று சொல்லாதீர்கள்

ஜூனியர் பெண்ணின் 'நோர்மால்னோ'வுக்கு வருகிறேன். தெரிந்தவர்களே ஆனாலும், எப்படி இருக்கிறீர்கள் என்றால் பிரமாதம் என்று யாரும் சொல்வதில்லை. நோர்மால்னோ, அல்லது 'பொதிஹென்கு', மெல்ல மெல்லப் போகிறது. இதை உற்சாகமின்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். என் கணக்கு வேறு. கண்ணு பட்டுவிடும் என்ற பயம் அங்கே நம்மளவுக்கு உண்டு. குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது என்று சொன்ன வாயோடு இடது தோளுக்குப் பின்னால் 'த்ஹு, த்ஹு, த்ஹு' என்று மூன்று தரம் துப்புவது போலச் செய்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் எனக்கு எல்லாம் அமோகம் என்று எவர் சொல்வார்? 'ஏதோ ஓடுது' என்று நம் அப்பா சொல்வதன் பின்னால் இரண்டு வீடும் ஒரு டிராக்டரும் இருக்கலாம். எனவே நோர்மால்னோ என்ற பதில் வந்தால் கதவு சாத்தப்பட்டது என்று அர்த்தமில்லை. ஒரு சின்னக் குறையைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். 'தக்காளி என்னங்க இந்த விலை விக்குது?' என்று கேளுங்கள். குறையைப் பகிர்ந்துகொள்வதுதான் அங்கே நட்புக்கு அடையாளம்.

காய்கறிக்குள்ளேயே ஒரு வருஷத்தின் பேச்சு முழுக்க அடங்கியிருக்கிறது. மார்ச்சில் ஜன்னல் திட்டு முழுக்கத் தயிர் டப்பாவிலும் பால் அட்டைப் பெட்டியிலும் தக்காளி நாற்று நிற்கும். அதைப் பற்றி விசாரித்தால் போதும், அன்றைய பாடம் முடிந்தது. மே மாதம் கிழங்கு ஊன்றியாச்சா, ஆகஸ்டில் வெள்ளரிக்காய் எத்தனை ஜாடி போட்டீர்கள், செப்டம்பரில் கிழங்கு தோண்டியாச்சா. நகரத்தில் அடுக்குமாடியில் இருப்பவருக்கும் கிராமத்தில் ஒரு துண்டு நிலமோ, அந்தத் துண்டு நிலத்தோடு ஒரு மாமியாரோ இருப்பார். புத்தகத்தில் படித்த கர்தோப்லியா என்ற சொல்லுக்கு அந்தப் பக்கத்தில் மதிப்பில்லை, பூல்பா என்று சொன்னால்தான் கிழங்கு. நாங்கள் வரேனிகி என்று படித்துவிட்டுப் போன கொழுக்கட்டை அங்கே பிரோஹி. பண்டிகைக் காலங்கள் இன்னும் சுலபம். ஈஸ்டர் முடிந்து வாரக்கணக்கில் வணக்கத்துக்குப் பதில் 'ஹ்ரிஸ்தோஸ் வொஸ்க்ரெஸ்', கிறிஸ்து உயிர்த்தார் என்பார்கள். 'வொயிஸ்தினு வொஸ்க்ரெஸ்', மெய்யாகவே உயிர்த்தார் என்று திருப்பிச் சொன்னால் கடைக்காரம்மா முகம் மலர்ந்துவிடும்.

அவர்கள் கேட்கும் கேள்விகளும் நமக்குப் புதிதல்ல. கல்யாணம் ஆயிற்றா, ஏன் ஆகவில்லை, அப்பாவுக்கு என்ன வேலை, உங்கள் ஊரில் டாக்டருக்கு என்ன சம்பளம், இவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு அம்மா அழவில்லையா? அந்தரங்கத்தில் தலையிடுகிறார்கள் என்று சிலர் குறைப்படுவார்கள். ஆங்கிலப் பாடத்தை நம்பினால் அப்படித்தான் தோன்றும். எனக்கு இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பிறந்ததிலிருந்தே பயிற்சி. ஒன்றே ஒன்றுக்குத்தான் சிரமப்பட்டேன். இந்தியா என்றதும் சோவியத் காலத்தில் கொட்டகை நிறைய ஓடிய இந்திப் படங்கள் ஞாபகம் வந்து ராஜ் கபூரில் ஆரம்பிப்பார்கள், பாடச் சொல்வார்கள். எனக்கு இந்தி தெரியாது, எங்கள் மொழி வேறு, எழுத்து வேறு என்று விளக்குவேன். பக்கத்துப் பெரிய மொழியோடு சேர்த்துத் தங்களையும் ஒன்றாக எண்ணிவிடுவதைக் காலமெல்லாம் பார்த்தவர்கள் அவர்கள். அதற்குப் பிறகு இன்னும் ஒரு தட்டு வரும், இன்னும் ஒரு மணி நேரம் போகும்.

2022-க்குப் பிறகு

நான் படிப்பை முடித்து ஊர் வந்த பிறகுதான் ரஷ்யாவின் முழுப் போர் மூண்டது. பிப்ரவரி 24 முதல் கேள்வி மாறிவிட்டது. 'யாக் ஸ்ப்ராவி' இல்லை, 'யாக் வி?', நீங்கள் எப்படி என்று மட்டும். ராத்திரி ஏவுகணை வந்த செய்தியைப் பார்த்ததும் அனுப்பும் அந்த இரண்டு சொல்லுக்கு, உயிரோடு இருக்கிறீர்களா என்றுதான் பொருள். வைபர் ஆப்பில் வீட்டுக்காரப் பாட்டியின் பதில் வரும்: 'த்ரிமாயெமோஸ்', தாக்குப்பிடிக்கிறோம். 2022 அக்டோபரில் மின் நிலையங்களைக் குறிவைத்து அடிக்கத் தொடங்கிய பிறகு வந்த குளிர்காலம் முழுக்க எங்கள் பேச்சு 'ஸ்வித்லோ யே?' என்றுதான் ஆரம்பித்தது. கரண்ட் இருக்கா? எந்தப் பிரிவுக்கு எத்தனை மணி, வாஷிங் மெஷினை எப்போது போடுவது, லிஃப்டில் ஏறலாமா படியிலேயே போவதா. நம்மூரில் பத்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் 'உங்க ஏரியாவுல எத்தன மணிக்குப் போவுது?' என்பதே முதல் வணக்கமாக இருந்த காலம் ஒன்று உண்டே, எனக்கு அந்தப் பேச்சு கைவசம் இருந்தது. காரணம்தான் ஒன்றல்ல. நமக்கு மின்சாரம் போதவில்லை, அவர்களிடமிருந்து அதை அடித்துப் பறித்தார்கள்.

இப்போது புதிதாக மொழி பழகுகிறவர்கள் சில கேள்விகளை வாயோடு வைத்துக்கொள்வது நல்லது. மகன் எங்கே இருக்கிறான், புருஷனை ராணுவத்துக்குக் கூப்பிட்டார்களா, ஏவுகணை எந்தத் தெருவில் விழுந்தது. இவற்றை அவர்களே சொன்னால் கேட்கலாம், நாமாகத் தோண்டக் கூடாது. பாட்டி என்னிடம் நாற்றைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவாள். எந்தத் தக்காளி முளைக்கவில்லை, பூனை எந்த டப்பாவைத் தள்ளியது, பக்கத்து வீட்டுக்காரிக்கு எத்தனை நாற்றுக் கொடுத்தாள். நடுவில் ஒரே ஒரு வரி தங்கை மகனைப் பற்றி வரும், ரெண்டு வாரமாகப் போன் இல்லை என்று. அந்த இடத்துக்கு என்னிடம் எந்த உம்மும் இல்லை. சும்மா இருப்பேன். அவள் மறுபடி பூனைக்குப் போவாள், நானும் கூடவே போவேன். பேச்சை முடிக்கும்போது 'திஹோயி நோச்சி' சொல்லிக்கொள்கிறோம். முன்பெல்லாம் நிம்மதியான இரவாகட்டும் என்போம், இப்போது சத்தமில்லாத இரவாகட்டும் என்கிறோம்.

கிளம்புவது

கடைசியாக, பேச்சிலிருந்து வெளியே வருவது. இதையும் எந்தப் புத்தகமும் ஒழுங்காகச் சொல்லவில்லை. 'தோ பொபாசென்யா' என்றால் போய் வருகிறேன், பக்கம் முடிந்தது என்று நிறுத்திவிடுகிறார்கள். நிஜத்தில் விடைபெறுவது ஒரு தனி நிகழ்ச்சி. போனில் என்றால், 'நு, தவாய்தே' என்று ஆரம்பிக்கும், சரி அப்புறம் என்று நாம் சொல்வோமே, அந்த இடம். நம் 'அப்புறம்' போலவே அதற்குப் பிறகுதான் முக்கியமான சேதி ஒன்று அவர்களுக்கு ஞாபகம் வரும். அது முடிந்ததும் இன்னொரு 'நு'. எல்லோருக்கும் நான் கேட்டதாகச் சொல், உடம்பைப் பார்த்துக்கொள், பா, பா-பா, பா-பா-பா என்று குரல் தேய்ந்துகொண்டே போகும். யார் முதலில் வைப்பது என்பதில் இரண்டு பக்கமும் தயக்கம்.

நேரில் இன்னும் கஷ்டம். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்று பேச முடியாது. வாசற்படிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று அங்கேயும் பழக்கம். கிளம்புகிற நேரம் பார்த்து மூன்று லிட்டர் ஜாடி நிறைய வெள்ளரிக்காய் ஊறுகாய் வரும். அதை வாங்க மறுபடி உள்ளே போக வேண்டும், உள்ளே போனால் வீட்டுச் செருப்பை எடுத்துக் காலடியில் போடுவார்கள், போட்டால் உட்கார வேண்டும். காலி ஜாடியை மறக்காமல் திருப்பிக் கொண்டுவா என்று வேறு சொல்லிவிடுவார்கள், அடுத்த சந்திப்புக்கான தேதி அது. எனவே முதல் 'நு'வைக் கேட்டவுடன் பையைத் தோளில் மாட்டிவிடாதீர்கள், துரத்துவதாக நாமே நினைத்துக்கொண்டது போல் ஆகும். மூன்றாவது வரைக்கும் உட்காருங்கள். டீ ஆறியிருந்தால் வேறு டீ வரும்.